தம்பிடிக் காசு

ஜன்னலை மூடிய கறுப்புத் துணியின் ஓரத்தில் நண்பகல் ஒரு கோடாகக் கசிகிறது. எக்ஸ்ரே பெட்டியின் முன்னால் தீர்த்தகிரி தன் பிள்ளையை இரண்டு கால்களிலும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டபடி நிற்கிறான். பிறந்து இரண்டு நாள்; மலம் போக வழியில்லாமல் பிறந்த குழந்தை. உப்பிய வயிற்றில் நரம்புகள் நீலமாக ஓடுகின்றன. "இப்படிப் பிடிச்சாத்தான் காத்து மேலே ஏறும். குடல் எங்கே நிக்குதுன்னு படத்துல தெரியும்" என்கிறார் டாக்டர். வழி இருந்திருக்க வேண்டிய இடத்தில், அடையாளத்துக்கு, ஒரு தம்பிடிக் காசை வைத்து பிளாஸ்திரியால் ஒட்டுகிறார். தீர்த்தகிரியின் அக்காள் சாலம்மாள் அலறுகிறாள். "காசு வெக்காதீங்க சாமி! செத்தவங்க நெத்தியிலதானுங்க காசு வெப்பாங்க!" இயந்திரம் வண்டுபோல இரைகிறது. குழந்தையின் முகம் கன்றிச் சிவக்கிறது, அழுகை வரவில்லை. தீர்த்தகிரி பிடியை இறுக்கிக்கொள்கிறான். 'டக்'கென்று ஒரு சத்தம். குழந்தையை நிமிர்த்தியதுமே சாலம்மாள் காசைப் பிய்த்தெடுத்து, ஓடிப்போய் வாசலுக்கு வெளியே புழுதியில் வீசிவிட்டு வருகிறாள்.

நீர் சொட்டும் படத்தை டாக்டர் வராந்தா வெயிலில் தூக்கிப் பிடிக்கிறார். அதில் குழந்தையின் முகம் இல்லை. குச்சி குச்சியாக எலும்புகள், கறுத்த காற்று, அதற்குச் சற்று மேலே வெள்ளைவெளேரென்று ஒரு வட்டம். இரண்டுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்க்கிறார். "ஒரு விரற்கடை சதைதான். அறுத்து வழி பண்ணிப் பார்க்கலாம்."

"பொழச்சுக்குவானுங்களா?" என்கிறான் தீர்த்தகிரி.

சாலம்மாளின் காதில் எதுவும் விழவில்லை. அவள் வீசியெறிந்த காசு இங்கே இருக்கிறது. எட்டி, ஈரப் படத்தில் அந்த வெள்ளை வட்டத்தை நகத்தால் சுரண்டுகிறாள்.