கடைவாய்ப் பல்

மண்ணுக்குள்ளிருந்து எடுத்த எலும்பு எத்தனை ஆயிரம் வருடப் பழசானாலும், மரபணு பார்த்து, உயிரோடிருக்கும் நெருங்கிய உறவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆய்வாளர் பொற்கொடிக்கு அதுதான் வேலை. அவள் தகவல் சொன்னதும் அந்த உறவின் வீட்டில் எல்லோரும், சாவுச் செய்தி கேட்டதுபோல், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். சிலர் அழவும் செய்வார்கள். காப்பகத்தில் வளர்ந்த பொற்கொடிக்கு அந்த அழுகையின் மேல் பொறாமை உண்டு.

இன்று, ஒரு முதுமக்கள் தாழியில் கிடைத்த பெண்ணின் கடைவாய்ப் பல்லுக்கு உறவென்று திரை காட்டிய பெயர் அவளுடையது.

உதவியாளர் தேவசகாயம் எட்டிப் பார்த்தார். "உங்க எச்சியோ வேர்வையோ பட்டிருக்கும் மேடம். நம்ம லேப் ஆளுங்க பேரு வந்தாலே அது கெட்டுப்போன சாம்பிள்தானே. தூக்கிப் போட்டுடவா?"

விதி அதுதான். அதை எழுதியவளே அவள்தான். கையுறைமேல் கையுறை போட்டிருந்தாள். முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. ஆனால் பல் முழுவதும் இந்தச் சோதனைக்கே பொடியாகிவிட்டது. மறுபடி சோதிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"போட்டுடுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்தவள் விளக்கைக்கூடப் போடவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய், கட்டிய புடவையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.