திரும்பி வந்த ரத்தம்

மனைவியைச் சேர்த்திருந்த ஐ.சி.யூ. வாசலுக்கு ஒரு காலில் ஷூவும் மறு காலில் செருப்புமாக ஓடிவந்திருந்தார் கணவர்.

"தலையே ஓடலம்மா. அடைப்பைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் என்ன?"

"எடுத்தாச்சு சார்," என்றாள் இளம் டாக்டர். "ஆனா பட்டினி கிடந்த இதயத் தசைக்குள்ள ரத்தம் திரும்பப் பாஞ்சதும், அந்த ஆக்சிஜன்லேருந்தே ஃப்ரீ ரேடிக்கல்ஸ்ங்கிற நச்சு மூலக்கூறுங்க கிளம்பி, பிழைச்ச செல்லையும் அரிச்சிருக்கு."

"காப்பாத்த வந்ததே கடிச்சிடுச்சா? முப்பது வருஷம் என்கூட மாரடிச்சவம்மா, இதுக்கா அசரப்போறா?" சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "பிழைச்சுக்குவான்னு ஒரு பொய்யாவது சொல்லேன்."

"நாளைக்குத்தான் தெரியும் சார். வீட்டாளுங்களுக்குப் பொய் நம்பிக்கை தரக்கூடாதுன்னு இங்க ரூல்."

"எந்தப் படுபாவி போட்ட ரூல்?"

அவள் கலங்கிய கண்களோடு சுவரைக் காட்டினாள். அங்கே ஒட்டியிருந்த சுற்றறிக்கையின் அடியில், 'இதயப் பிரிவுத் தலைமை மருத்துவர்' என்பதற்கு மேலே, அவருடைய கையெழுத்தே அவரை முறைத்தது.