மேனேஜரின் கால்

“உன்னை இங்க சிபாரிசு பண்ணினதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்டா!” என்று அக்கா பல்லைக் கடித்தாள். நெட்வொர்க் மெக்கானிக் தம்பி தரையில் தவழ்ந்தபடி வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சின்ன ஆபீஸில் ஒரு மாதமாக இன்டர்நெட் போவதும் வருவதுமாக இருந்தது. ரவுட்டரை மாற்றினான், வயர்களை மாற்றினான். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான்.

அதிலும் தலைமை ஆபீஸ் வீடியோ கூட்டத்துக்குக் கூப்பிடும்போதெல்லாம், சொல்லி வைத்தாற்போல் லைன் அறுந்துவிடும். ஊழியர்கள் அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் பேசுவோம் என்று தலைமை ஆபீஸ்காரர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

“எங்களை நிரந்தரமாக்கத்தான்டா அந்தக் கூட்டம். ஆயிட்டா ஒரு வீடு பார்த்து, பையனை ஹாஸ்டல்லேர்ந்து கூட்டிட்டு வந்துடுவேன்.” அக்காவின் குரல் உடைந்தது. “இன்னிக்கும் கெடுத்தேன்னா என் மூஞ்சியிலேயே முழிக்காதே.”

அவனைத் திட்டாத ஒரே ஜீவன் மேனேஜர்தான். “நிதானமாப் பாருங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல” என்று டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அவர் எழுந்து கை கழுவப் போன நேரத்தில், தம்பி அவருடைய மேஜைக்கடியில் புகுந்தான். பெரிய மனிதரை எழுப்புவானேன் என்று இத்தனை நாளும் அவன் பார்க்காமல் விட்ட இடம் அது ஒன்றுதான். எல்லா வயரும் வந்து சேரும் பெட்டி அங்கே கிடந்தது. மெயின் வயரின் கிளிப் உடைந்து, மேலே செருப்புத் தடம்.

மேனேஜர் திரும்பி வந்ததும், தம்பி வெளியே தலையை நீட்டினான். “சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க காலாட்டும்போதெல்லாம் வயர் கழண்டுக்குது.”

மேனேஜர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். “அப்படியா?” என்றார்.

“உட்கார்ந்து காலாட்டினா குடும்பத்துக்கு ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க!” அக்கா தம்பியின் காதில் முணுமுணுத்தாள்.

புதுக் கிளிப் போட்டான். யார் காலும் படாதபடி பெட்டியைச் சுவரின் உச்சியில் மாட்ட ஏணி கேட்டான்.

“கீழேயே இருக்கட்டுமே தம்பி, சுவர் பாழாயிடும்.”

“சுவரைப் பார்த்தா வேலை நடக்குமா சார்?” என்று அக்காவே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

தலைமை ஆபீஸ் கூப்பிட்டது. படம் பளிச்சென்று வந்தது, அறுபடவேயில்லை. எல்லாரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தலையைச் சரிசெய்துகொண்ட அக்கா, தம்பியைப் பார்த்துப் பல நாள் கழித்துச் சிரித்தாள். அவனுக்கு மனசு நிறைந்துபோனது.

வாசலோரம் நின்றவனின் பக்கத்தில் மேனேஜர் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“எல்லாரையும் உட்கார வச்சு, மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாத்தான் ஆபீஸை மூட முடியும். எங்க கம்பெனி ரூல் அப்படி, தம்பி.”

தம்பி அண்ணாந்து பார்த்தான். எட்டாத உயரத்தில் பெட்டி பச்சையாய் மினுக்கிக்கொண்டிருந்தது.

“எனக்குக் காலாட்டுற பழக்கமே கிடையாது.”