மணி அடித்தால் ஓடக் கூடாது

டிங்கென்று மணி அடித்தது. எழுந்திருக்கப் பார்த்த கணவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தாள் மனைவி.

"அது பக்கத்து ரூம் மணிங்க. மணிச் சத்தம் கேட்டா ஓடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

மேஜைக்கு எதிரே இருந்த எலும்பு டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. முட்டியில் அவர் ஆபரேஷன் செய்த ஆள். போன தடவை நொண்டிக்கொண்டு வந்தவர், இன்று கைத்தடி இல்லாமல் நடந்து வந்திருந்தார்.

"எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் தேறினாரு?"

"எல்லாம் நெட்ல பாத்துதான் டாக்டர். போட்டிருந்ததை வரி விடாம செஞ்சேன்."

"ஜெயில் தேவலாம் டாக்டர்," என்றார் கணவர். "சோபாவுல ஏறக் கூடாதாம். காலிங் பெல் அடிச்சா ஓடக் கூடாதாம். மாத்திரையை முழுங்கினா மட்டும் தலையைத் தடவிக் குடுக்கிறா."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வெப்சைட்டில் முட்டி ஆபரேஷன் பற்றிய பக்கம், லீவு நாளெல்லாம் உட்கார்ந்து அவரே எழுதியது.

'முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய இயக்க வரம்பு நெறிமுறைகள்' என்ற தலைப்பைப் படித்து முடிப்பதற்குள்ளேயே முட்டி வலிக்கிறது என்று நோயாளிகள் புகார் செய்திருந்தார்கள். இன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடப் போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

டாக்டர் இன்டர்காமை எடுத்தார். "மேனேஜர் சார், உடனே வாங்க. என் பக்கத்தைப் படிச்சே புருஷனை நடக்க வெச்ச அம்மா எதிர்லயே இருக்காங்க!"

மேனேஜர் மூச்சு வாங்க வந்து நின்றார். "நிஜமாவே புரிஞ்சுதாம்மா?"

"பச்சப்புள்ளைக்குக்கூடப் புரியும் சார். அவ்வளவு தெளிவு."

டாக்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. "காட்டுங்கம்மா, சார் கண்ணாலயே பாக்கட்டும்."

அவள் போனில் தேடி எடுத்து நீட்டினாள். பார்த்த மேனேஜர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு, போனை டாக்டரிடம் கொடுத்தார். டாக்டரின் முகம் காற்றுப் போன பலூன் ஆனது.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மனுஷங்களுக்கு எழுதினது ஒரு வரியும் விளங்கல டாக்டர். அதான், நாய்க்கு எழுதினதைப் பாத்துச் செஞ்சேன்!"