பூப்போட்ட தலையணை

நெல்லிக்குப்பம் ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வந்த டிராக்டரை முந்திரித் தோப்பு வேலியோரம் நிறுத்துகிறான் ராஜாமணி. உள்ளே, பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் போடும் சாரணியர் முகாம். பூத்த கிளைகளுக்குக் கீழே நாலு கூடாரங்கள் சாயங்கால வெயிலில் உப்பி உப்பி அடங்குகின்றன. நேற்று பஸ் ஏறும்போது அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுத மகள் சிந்துஜா, மூன்று கல் அடுப்பின் முன்னால் குந்தி, கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருக்கிறாள். கழுத்து ஸ்கார்ஃபெல்லாம் கரி. அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த தலையணையை அக்குளில் இடுக்கியபடி கூப்பிடுகிறான். "பாப்பா! இது இல்லாம ராத்திரி தூங்குனியா? ஊட்டுக்குப் போயிடலாமா?" ஓடி வந்தவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் தோழிகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறாள். "ஐயோ, அத மறைப்பா. எல்லாரும் பாக்குறாளுங்க. நீ கெளம்பு, எங்க சோறு கொழைஞ்சிடும்." வந்த வேகத்திலேயே ஓடிவிடுகிறாள். புகைக்குள்ளிருந்து அவள் சிரிப்பு மட்டும் கேட்கிறது. ராஜாமணி டிராக்டரில் ஏறுகிறான். மட்கார்டின் மேல், அவள் எப்போதும் உட்கார்ந்து வருகிற இடத்தில் தலையணையை வைக்கிறான். குலுங்கி விழுந்துவிடாமல் தோள்துண்டால் அதை இறுக்கிக் கட்டிவிட்டு, மெதுவாக வண்டியை எடுக்கிறான்.