திரிந்த ஒரு சொட்டு

"சுத்தம்னு சீக்கிரம் எழுதிக் குடு தங்கச்சி! என் அடுப்பு மூணு நாளா எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

விடுதிச் சமையல்காரி சிரித்தபடி லேப் மேஜையில் சாய்ந்தாள். விடுதியில் பதினோரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சமையலறையில் வேலை செய்யும் ஐந்து பேரும் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், கிருமி இருப்பவர் இனி அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று நிர்வாகி சொல்லிவிட்டார். மற்ற நால்வருக்கும் ஒன்றுமில்லை. இவளுடையதுதான் பாக்கி.

"இருங்கக்கா" என்ற டெக்னீஷியன் பெண், அவள் கொடுத்ததிலிருந்து கிருமி வளர்த்த வட்டத் தட்டை வெளிச்சத்தில் காட்டினாள். "சாதாரணக் கிருமின்னா இதுல ரோஸ் கலரா வளரும். உங்க தட்டுல பாருங்க, நிறமே இல்லாம வளர்ந்திருக்கு."

"நிறமில்லேன்னா சுத்தம்னுதானே அர்த்தம்?"

"நேர்மாறுக்கா."

கண்ணாடித் துண்டில் கிருமியை இனம்காட்டும் மருந்து ஒரு சொட்டு விட்டு, அந்தக் கிருமியைத் துளி எடுத்துக் கலந்து மெல்ல ஆட்டினாள். சொட்டு பொடிப்பொடியாகத் திரண்டது.

"அய்யய்யோ, பால் திரிஞ்ச மாதிரி இருக்கே!"

"அதேதான். இதுக்குப் பெரிய மெஷினெல்லாம் வேண்டாம், பால் காய்ச்சத் தெரிஞ்ச கண்ணு போதும். பிள்ளைங்ககிட்ட இருந்த அதே கிருமி."

சமையல்காரியின் சிரிப்பு மறைந்தது. "வயித்துவலி, காய்ச்சல்னு ஒருநாள் படுத்ததில்லையே! ஆள் குத்துக்கல்லாட்டம்..."

"சிலருக்கு அப்படித்தான். உள்ளேயே தங்கியிருக்கும், அவங்களுக்கே தெரியாது. கையைச் சரியாக் கழுவலேன்னா மத்தவங்களுக்குப் போயிடும். கலங்காதீங்க, மருந்து சாப்பிட்டா சரியாயிடும். நிர்வாகிகிட்ட நானே வந்து பேசறேன். குணமானதும் அந்த அடுப்படி உங்களுக்குத்தான்."

யார் பெற்ற பெண்ணோ, தனக்காகப் பேச வருகிறேன் என்கிறாளே! கடவுள்தான் இவளை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார் என்று சமையல்காரிக்குத் தோன்றியது. மேஜைப் பக்கம் இன்னும் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உன்கிட்ட மறைக்க மனசு வரல தங்கச்சி. வேலை போயிடுமோன்னு நான் நடுங்கினதைப் பார்த்துட்டு, 'என்னோடதைக் கொண்டு போ, கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு'ன்னு பரிசோதனை டப்பாவை நிரப்பிக் குடுத்தது எங்க வீட்டுக்காரர்... விடுதி வாசல்ல தினமும் பிள்ளைங்களுக்கு ஆசையா பழம் நறுக்கிக் குடுக்கிற காவல்காரர்!"