இரவல் குரல்

திலோமாய் ஒரு பொத்தானை அழுத்தினாள். மசினாவின் அம்மா பாட ஆரம்பித்தாள்.

அம்மா அங்கே இல்லை. மறுநாள் சர்ச்சுக்குப் போட வேண்டிய வெள்ளை உடுப்புகளைத் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஆக்லாந்தின் ஓட்டாரா பகுதியில், சனிக்கிழமைச் சந்தையின் சின்ன மேடையில், திலோமாயின் மடியில் இருந்த, ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டும் கையகலப் பெட்டியான சாம்ப்ளருக்குள்ளிருந்துதான் அந்தக் குரல் வந்தது.

சேப்பங்கிழங்குக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் நின்ற மசினாவின் கையிலிருந்த தேங்காய்ப்பால் பன் நசுங்கிப் பால் சட்டையில் வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அது அவள் பதிந்து வைத்திருந்த குரல். அப்பா இறந்த வருஷம், அம்மா துணி தேய்த்தபடி முணுமுணுத்த பாட்டு. சன்னலோரம் இருந்த சாம்ப்ளரில் அதைப் பதிந்து, வெட்டி, வேகம் கூட்டி, அடியில் கனத்த தாளம் போட்டவள் மசினா. அந்த ஒரு பாட்டு போதும், தெற்கு ஆக்லாந்தில் எந்தக் காரை நிறுத்திக் கேட்டாலும் அவள் பெயரைச் சொல்வார்கள். வீட்டில் மட்டும் அதைப் போட்டதில்லை. அம்மாவுக்கு அந்த 'டம் டம்' ஆகாது.

திலோமாய்க்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, கதவு மூடுகிற சத்தத்தைக்கூடப் பதிந்து தாளமாக்கியவர்கள். கொஞ்ச நாள் முன்பு திலோமாய் சாம்ப்ளரை இரவல் கேட்டபோது மெமரி கார்டைக்கூடக் கழற்றாமல் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

மேடையில் பாட்டு நீண்டுகொண்டே போனது. மசினா பதிந்ததில் அம்மா நாலு வரியோடு நின்றுவிடுவாள். இங்கே மேலும் பாடினாள். நடுவில் ஓரிடத்தில் தொண்டையைச் செருமி, லேசாகச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

வெட்டி ஒட்டி நீட்டியிருக்கிறாள் என்று நினைத்தாள் மசினா. மேடையேறி ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள்.

"என் கார்டுலேருந்துதானே எடுத்தே?"

"உன் கார்டை நான் திறக்கவே இல்ல."

"அப்ப எங்கம்மா பொடிநடையா நடந்து வந்து இந்தப் பெட்டிக்குள்ள உக்காந்துட்டாங்களா?"

திலோமாயின் முகம் சிவந்தது.

"ஏம்மா பொண்ணுங்களா, சண்டைய அப்பறம் போடுங்க, பாட்டைப் போடுங்க," என்றார் மீன்கடைக்காரர். "பாதியிலே நிக்குது."

"வீட்டுக்குப் போ மசினா," என்றாள் திலோமாய் தணிந்த குரலில். "இங்க வேணாம்."

"திருடினவ நீ. வீட்டுக்குப் போக வேண்டியது நானா?" மசினா பிடுங்கிய வயரைக் கீழே எறிந்தாள். "உன்னைக் கூடப்பிறந்தவ மாதிரி வச்சிருந்தேன்டி. இனி என் மூஞ்சிலே முழிக்காதே."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். கடைசி சீட்டு காலியாக இருந்தும் முன்னாலேயே நின்றுகொண்டாள்.

வீட்டில் அம்மா காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மசினா பையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உன் குரலைத் திருடிட்டாம்மா அவ. சந்தை பூரா கேக்க வச்சிட்டா. நீ போன் பண்ணி நாலு வார்த்தை நல்லாக் கேளு."

அம்மா தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அது நான் கட்டின பாட்டு," என்றாள். "உங்கப்பா போனப்பறம் அவருக்குன்னு கட்டினது. யார் காதுலயும் விழாதுன்னு நெனச்சுத்தான் பாடினேன்."

"அதான்மா நானும் சொல்றேன். அவளுக்கு என்ன தைரியம் பாரு."

"நான் வேலை பாக்கற லாண்ட்ரில ஒரு பொண்ணு போன்ல இதைப் போட்டா. அடியிலே டம் டம்முனு ஒரு சத்தம். எல்லாரும் இடுப்பை ஆட்டி ஆடினாங்க. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. போர்வைய மடிக்கற மாதிரி மூஞ்சிய மறைச்சுக்கிட்டேன்."

மசினா பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "அது... என் பாட்டும்மா. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நீ கேட்டதை எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"திலோமாய் போன வாரம் வந்தா," என்றாள் அம்மா. "இதோ, நீ நிக்கற இடத்துலதான் நின்னா. அவருக்குக் கட்டின பாட்டு பாதியிலே அறுந்து கெடக்க வேணாமேன்னு, உக்கார வச்சு முழுசாப் பாடிக் குடுத்தேன். நடுவுலே வரி மறந்துபோய்ச் சிரிப்பு வந்துடுச்சு. அதையும் அப்படியே வச்சுக்கோன்னேன்."

மசினாவுக்குச் சந்தையில் பட்டதைவிட இது ஆழமாக இறங்கியது. தோழி போனால் போகிறாள். அம்மாவுமா?

"நீயே குடுத்தியா? பெத்த பொண்ணு நான் இருக்கேன். எனக்குப் பேர் வாங்கிக் குடுத்த பாட்டை, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, எப்படிம்மா அவளுக்குக் குடுக்க மனசு வந்துச்சு?"

அம்மா அடுத்த சட்டையை எடுத்து உதறிப் பலகையில் விரித்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ எங்கிட்ட வந்து கேட்டாடி."